தலையாட்டினார் என்று நான் சொன்னது

அன்புள்ள பிரபு,

இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறையும் கை அப்படித்தான் எழுதப் போனது, பிடித்து நிறுத்தியிருக்கிறேன். இங்கு நலமில்லை. எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். இரண்டாம் நிலை என்கிறார் டாக்டர். ஸ்கேனில் வேறு இடத்துக்குப் பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் அக்குளில் ஒரு நெறிக்கட்டி மேல் அவருக்குச் சந்தேகம் இருக்கிறது, அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் முழுசாகச் சொல்ல முடியும் என்றார். பிறகு கீமோ உண்டு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து இந்தக் கூரியரிலேயே வைத்திருக்கிறேன். என் மகன் கூப்பிட்டால் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அவனிடமும் சொல்லுங்கள் என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நிலை என்பதை நான்காம் நிலையாக்குவாய். சந்தேகம் என்பதை உறுதியாக்குவாய். அம்மா இவ்வளவு சொல்கிறாள் என்றால் சொல்லாமல் எவ்வளவு வைத்திருக்கிறாளோ என்று நினைப்பாய். உன்மேல் தப்பில்லை. நம் வீட்டில் செய்தி சொல்லும் முறையே அப்படி. 'லேசா சுகர்' என்றால் ஊசி போட்டுக்கொள்கிறார் என்று அர்த்தம். 'சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஏதோ தலைபோகிற காரியம் என்று அடுப்பில் காபிக்கு வைக்கும்போதே தெரிந்துவிடும். சொல்கிறவர் பாதியாகக் குறைப்பார், கேட்கிறவர் இரண்டு மடங்காகப் பெருக்கிக்கொள்வார். கணக்கு எப்படியோ நேராகிவிடும். இந்தக் கணக்கில்தான் இத்தனை காலமும் நம் குடும்பங்கள் ஓடியிருக்கின்றன. ஆனால் ஒருவர் உண்மையை உள்ளபடி சொல்ல நினைத்தால் அதற்கு இங்கே வழியே இல்லை. அதுதான் இப்போது என் நிலைமை. இந்த ஒரு கடிதத்தை மட்டும் பெருக்காமல் படி.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் என்னால் முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவள் நான். ரிசீவரைக் கையில் எடுத்தால் என் குரல் தானாகவே நிதானமாகிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அப்போது ரவிக்கைக்குள் ஊசி குத்திச் சதை எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. பேசிக்கொண்டே அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ நம்பினாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் நீ சொல்வது அந்த ஒரு 'சரிம்மா'தான்.

உன் மாமாவுக்கு நான் இதை எழுதுவது தெரியாது. தெரிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவான். நீயும் நந்தினியும் கனடாவுக்குக் கிளம்புவது வெள்ளிக்கிழமை, எனக்கு ஆபரேஷன் அதற்கு முதல் நாள். டாக்டர் தேதி குறித்த அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான். "எக்கா, அவன்ட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. போயி எறங்கி, வேலையில சேந்து, ஒரு மாசம் போகட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா போகவும் மாட்டான், வந்தும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. உனக்கு என்ன கொறச்சல், நான் இல்லையா?" என்றான். சத்தியம் வேறு கேட்டான். சாமி படத்துக்கு முன்னால் செய்தும் கொடுத்தேன். தினமும் காலையில் விளாங்குடி வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, இட்லி வாங்கி வைத்துவிட்டு, "சொல்லலைல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் போகிறான். பாசம்தான். அவன் பாசத்தில் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். போன தடவை, உன் அப்பா இறந்தபோது, சொன்னவனும் இவன்தான், கேட்டவளும் நான்தான் என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு இருபத்திரண்டு வயது, சோழவந்தானில் இருந்து ஒருவர் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். மகனிடம், "ஆத்தாவுக்குக் கொஞ்சம் முடியல, நீ கெளம்பி வா, ஒண்ணும் பதறாத, நல்லாச் சாப்ட்டுட்டு வண்டி ஏறு" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மகன் வைத்துவிட்டான். இவருக்கு வைக்கத் தெரியவில்லையா, கை ஓடவில்லையா, ரிசீவரைக் கையில் பிடித்தபடியே இருந்திருக்கிறார். நான் லைனில் இருக்கிறேன். ஒரு நொடி கழித்து அந்த மனிதர் கதறிய கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பெண்டாட்டி செத்து அரை நாள் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ 'சீரியஸ்' என் கை வழியாகப் போனது. சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவே சீரியஸாக இருந்தால் 'லேசா முடியல' என்பார்கள். இணைப்பு இருக்கும்வரை யாரும் அழ மாட்டார்கள். அதைப் பெரிய நாகரிகம் என்று அப்போது நினைத்தேன். என்ன ஒரு நெஞ்சுரம் இந்த ஜனங்களுக்கு என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இதே ஜனங்கள்தான் சாவு வீட்டில் தெரு அதிர அழுவார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கட்டிப்பிடித்து அழ வேண்டும், அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி என்று பேச்சு வரும். அழுவதற்கு ஒரு இடமும் நேரமும் இங்கே வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வெளியே, உயிரோடு இருக்கிற ஆளிடம், 'எனக்குப் பயமாக இருக்கு', 'உன்னைத் தேடுது', 'நான் பண்ணினது தப்பு' என்று சொல்ல மட்டும் இடம் வைக்கவில்லை. உன் அப்பாவும் அப்படித்தான் இருந்தார், நானும் அப்படித்தான். உன் கோபமெல்லாம் அவர் மேல்தான் இருந்தது, ஏனென்றால் நான் வாயாடி. நான் நிறையப் பேசுவதால் எல்லாவற்றையும் பேசிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

அந்தத் தைப்பொங்கலை நீ மறந்திருக்க மாட்டாய். பதவி உயர்வு வந்த செய்தியை போனில் சொல்லாமல் நேரில் சொல்ல வேண்டும் என்று புனேயில் இருந்து வந்திருந்தாய். சாப்பிடும்போது சொன்னாய். அப்பா உன்னைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "ரசத்தை ஊத்து" என்றார். உனக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு தடவையாச்சும் நல்லா இருக்குடான்னு சொன்னா வாய் வெந்துருமாப்பா?" என்று கேட்டாய். "பாராட்டுறதுக்கு ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான். அப்பன் எதுக்கு?" என்றார். "அப்ப அப்பனே எதுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வாடிப்பட்டிக்கு சர்வே வேலை என்று கிளம்பினார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன மனுஷனுக்கு என்ன சர்வே வேலை? அங்கே பழைய ஆபீசில் ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்று உன் பதவி உயர்வைச் சொல்லியிருக்கிறார். காரியம் முடிந்து பத்து நாள் கழித்து அவருடைய சிநேகிதர் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும், தலைக்கனம் வந்துவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது உண்மை என்றே கடைசிவரை நம்பினார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. உனக்குப் பசித்தபோது அவர் பக்கத்து வீட்டுக்குப் பந்தி வைத்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் என் வழியாகத்தான். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொன்னேன், முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுச் சொன்னேன். நீ, "அவருக்கு மாத்திரை வாங்கியாச்சா?" என்று கேட்டால், "பிரபு உங்களை ரொம்ப விசாரிச்சான்" என்பேன். அவர், "துரை என்ன சொல்றாரு?" என்று கேட்டால், "அப்பா உன்னைக் கேட்டாருப்பா" என்பேன். இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிறேன் என்று நினைப்பு எனக்கு. உண்மையில் நீங்கள் நேரே பேச வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். நெஞ்சுவலி என்று அவரை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல நீ கூப்பிட்டாய். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாய். "வாக்கிங் போயிருக்காரு" என்றேன். ஐசியூ வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம், தேறிவிடுவார், எதற்கு உன்னைக் கலவரப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். காலை ஆறு பத்துக்கு அவர் போய்விட்டார். இதில் நடந்த ஒன்றை நான் இங்கே விட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் மேற்கொண்டு எழுத எனக்குத் தெம்பு இருக்காது.

காலை ஏழு மணிக்கு உன்னைக் கூப்பிட போனை எடுத்தேன். உன் மாமா கையைப் பிடித்துக்கொண்டான். "எக்கா, அம்புட்டு தூரத்துல இருந்து தனியா வாரான். தெரிஞ்சா வழியில என்ன ஆவானோ? சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றான். எனக்கு அது சரி என்றே பட்டது. எத்தனை பேர் அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, ஐசியூல வச்சிருக்காங்க, கிளம்பி வாப்பா" என்றேன். குரல் பிசகவில்லை. நீ அழவில்லை, "இந்தா வாரேம்மா" என்று மட்டும் சொன்னாய். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, டாக்டர் என்ன சொல்கிறார், சென்னைக்குக் கொண்டுபோகலாமா, தெரிந்த ஒரு டாக்டரைப் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். செத்துப்போனவருக்கு வைத்தியம் தேடிக்கொண்டிருந்தாய். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

எட்டரை மணிக்கு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். தெருவே கூடிவிட்டது, கூடத்தில் ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். வாடிப்பட்டியில் இருந்து உன் அத்தைமார் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், அழுகை உச்சத்தில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் உன் போன். புனே விமான நிலையத்தில் இருந்து பேசினாய். "அம்மா, ஒரே ஒரு நிமிசம் அப்பா காதுல போன வைம்மா. அவரு பேச வேண்டாம். நான் பேசணும்" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு வக்கணையாக யோசிக்க முடிகிறது. அன்றைக்கு, "இரு, நர்சம்மாகிட்ட கேட்டுட்டு வைக்கிறேன்" என்றேன். உன் மாமா கூடத்தில் எழுந்து நின்று கை இரண்டையும் தூக்கி, "எல்லாரும் வாய மூடுங்க, பையன் லைன்ல இருக்கான்" என்று அடிக்குரலில் சொன்னான். பிரபு, நாற்பது பேரும் அழுகையை அப்படியே விழுங்கினார்கள். உன் பெரிய அத்தை முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். வெளியே கொட்டுக்காரர்களிடம் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி அதுவும் நின்றது. அத்தனை பேரும் உன் மேல் வைத்த பிரியத்தில்தான் அதைச் செய்தார்கள். நான் குனிந்து, மூக்கில் பஞ்சு வைத்திருந்த அவர் முகத்துக்குப் பக்கத்தில், காதில் போனை வைத்தேன்.

நீ பேசியது எனக்குக் கேட்டது. இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. "அப்பா, நான் வந்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு மணிக்கு வந்துருவேன். அன்னைக்கு அப்பன் எதுக்குன்னு கேட்டது தப்புப்பா. நான் செய்யிறது எல்லாமே நீங்க பாக்கணும்னுதான்ப்பா. எந்திரிச்சு உக்காருங்க" என்று சொன்னாய். அதற்கு மேலும் சொன்னாய், அது உன்னுடையது, அதை நான் எழுதப் போவதில்லை. நம் வீட்டில் எந்த ஆணும் எந்த ஆணிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. போனை எடுத்து என் காதில் வைத்தேன். "கேட்டுச்சாம்மா?" என்றாய். "கேட்டுச்சுப்பா. தலையாட்டுனாரு" என்றேன். நீ ஒரு பெருமூச்சு விட்டாய். இணைப்பைத் துண்டித்ததும் கூடத்தில் அழுகை எழுந்ததே, அதில் நான் கலந்துகொள்ளவில்லை. எனக்கு அழுகை வரவில்லை.

நீ வந்து சேர்ந்ததும், பதினோரு மணிக்குப் போனார் என்று உன்னிடம் சொன்னோம். நாற்பது பேரும் அதையே சொன்னார்கள், ஒருவர்கூடப் பிசகவில்லை. நீயும் காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "கடைசியா நான் பேசுனது கேட்டுச்சுல்லம்மா, அது போதும்" என்றாய். இரண்டு மாதம் கழித்து வாரிசுச் சான்றிதழுக்காக வந்தவன், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நேரத்தைப் பார்த்தாய். காலை ஆறு பத்து. உன் போனை எடுத்து அன்றைய அழைப்பைத் தேடினாய். இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். கத்தவில்லை. "அப்ப நான் யாருகிட்டம்மா பேசுனேன்?" என்று கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "இட்லி ஆறிப்போகுது, சாப்பிடு" என்றேன். நீ சாப்பிட்டாய். அன்றைக்கே கிளம்பினாய். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு நீ வரவில்லை. அப்பா பேச்சு எடுத்தால் நீ எழுந்து போய்விடுகிறாய் என்று நந்தினி சொல்கிறாள்.

என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மெஹருன்னிசாவை உனக்கு நினைவிருக்கும், கீழவாசல் பக்கம் வீடு. போன வருடம் அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, துபாயில் இருக்கும் மகனுக்கு அவளே போன் போட்டுக்கொண்டிருந்தாள். "அத்தா மவுத்தாயிட்டாங்கப்பா. காலையில பத்து மணிக்கு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுக்குறோம். நீ வந்து முகம் பாக்க முடியாது. அங்கயே தொழுதுக்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் பையன் உடைந்து அழுவது கேட்டது. இவள் போனை வைக்கவே இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை, இவளும் சத்தமில்லாமல் கண்ணீர் வடிய, அப்படியே லைனில் இருந்தாள். நாற்பதாம் நாள் கழித்துக் கேட்டேன், "எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு, சீரியஸ்னு சொல்லி மெதுவாச் சொல்லியிருக்கலாமே?" என்று. அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அத்தாவுக்காக அவன் அல்லாகிட்ட துஆ செய்யணும்ல? உசுரோட இருக்காருன்னு சொன்னா பொழைக்கணும்னு கேட்டுக்கிட்டு இருப்பான். அவரு பாவத்துக்கு மன்னிப்பு கேட்காம விட்டுருவானே. அவன் நேரத்த நான் எடுத்துக்க முடியுமா?" என்றாள். அவர்கள் வீட்டில் ஓலமிட்டு அழுவது தப்பு என்பார்கள், நம் வீட்டில் அழாவிட்டால் தப்பு. அவர்களிடம் எல்லாம் சரி, நம்மிடம் எல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவளும் வேறு ஏதாவது ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு புழுங்கிக்கொண்டுதான் இருப்பாள். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, நான் உன்னிடம் எடுத்துக்கொண்டது என்ன என்று முதல் முறையாகத் தெரிந்தது. நீ இருந்த இடத்தில் உட்கார்ந்து உன் அப்பாவுக்காக அழ வேண்டிய எட்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. போன வருடம் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு, "வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்கம்மா, ஜாலியா இருக்கேன்" என்று என்னிடம் சொன்னாய். நந்தினி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும், தெரிந்ததை நானும் காட்டிக்கொள்ளவில்லை. நீ பொய் சொல்ல, அது பொய் என்று தெரிந்தே நான் நம்பியது போலப் பேச, நல்ல ஜோடி நாம். நான் பெற்ற பிள்ளை வேறு யாரைப் போல இருப்பான்? ஆனால் நாளைக்கு உனக்கு ஒன்று பிறந்து, அது உன்னிடம், "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்று சொல்லும்போது உனக்குப் புரியும், இதை எங்கேயாவது ஒரு கையில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று. என் கையிலேயே நிறுத்தியிருக்கலாம்.

இந்தக் கட்டியையே எடுத்துக்கொள். அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில் குளிக்கும்போது கையில் பட்டது. தீபாவளி கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். நடுவில் ஆறு மாதம். டாக்டர், "ஏம்மா இவ்வளவு நாள்?" என்று கேட்டார். ஊரில் எல்லோருக்கும் கெட்ட செய்தியைக் குறைத்துச் சொல்லிப் பழகியவள், எனக்கே குறைத்துச் சொல்லிக்கொண்டேன். 'ஒண்ணும் இருக்காது' என்று தினமும் எனக்கு நானே சொன்னேன், நம்பினேன். அந்த ஆறு மாதம் எனக்கு என்ன செய்யும் என்று வியாழக்கிழமைக்குப் பிறகுதான் தெரியும்.

விட்டதைச் சொல்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சாயங்காலம் நான்கு மணி இருக்கும். என்னை உள்ளே விட்டார்கள். அப்பா நினைவோடுதான் இருந்தார். "பிரபுவக் கூப்பிடு. ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஆபீஸ்ல இருப்பான். நைட்டு பேசிக்கலாம்" என்றேன். "இல்ல, இப்பப் போடு" என்றார். "நீங்க என்னைக்கு அவனுக்கு போன் பண்ணியிருக்கீங்க? இன்னைக்கு நீங்க பேசுனா என்னமோ ஏதோன்னு பதறிருவான். நல்லா ஆகி வீட்டுக்கு வந்து ஆற அமரப் பேசுங்க" என்றேன். என் கையில் போன் இருந்தது, பிரபு. உன் பெயர் முதலாவதாக இருந்தது. அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஊசி போட்டார்கள், அதற்கு மேல் அவர் பேசவில்லை. மறுநாள் காலை அந்தச் செத்த காதில் நான் போனை வைத்தது உனக்காக மட்டும் இல்லை. நான்கு மணிக்குக் கொடுக்காததை ஒன்பது மணிக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நல்லதாக ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்வது எனக்குப் பெரிய காரியம் இல்லை. உன்னை நினைத்துப் பெருமைப்பட்டார், மன்னித்துவிட்டார், மன்னிப்புக் கேட்டார், எதை எழுதினாலும் நீ நம்புவாய், உனக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் இருக்கும். நேற்று முழுக்க அந்த வரியைத்தான் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதமாட்டேன். அவர் தலையாட்டவில்லை. உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்றார், நான் விடவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு உனக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகலாம். அந்த உரிமை உனக்கு இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு தாய் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, மாமா பார்த்துக்கொள்வான், நல்லபடியாகப் போய்ச் சேர், இறங்கியதும் போன் போடு என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் நீ பெருக்கிப் பார்த்துப் புரிந்துகொண்டு ஒருவேளை வருவாய். அல்லது நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவாய். இந்தச் சூதாட்டம் எனக்கு இனி வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, பிரபு. டிக்கெட்டைத் தள்ளிப் போடு. வியாழக்கிழமை காலைக்கு முன்னால் வா.

அம்மா